நிரப்பி வைத்த காற்று

பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆளான தொப்பிக்காரர் மட்டும் அருவியை விட்டு வர மனசில்லாமல், பாறைமேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட மைக்கை வாயருகே கொண்டுபோன நேரத்தில்தான் கைடான அவளுடைய இடுப்புப் பையில் போன் அதிர்ந்தது. மேனேஜர்.

"எங்க இருக்கீங்க?"

"அருவியில. போட் கிளம்பிடுச்சா சார்?"

"கிளம்பிடும். ஒரு மணிக்கு ஜெட்டியில இருக்கும்."

"இதையேதான் எட்டேகாலுக்கும் சொன்னீங்க."

"அப்ப ஒரே பேச்சாத்தானே பேசுறேன்? மாத்தியா பேசினேன்?"

அவள் போனைப் பையில் போட்டுவிட்டு, "தொப்பி சார், அருவி எங்கயும் ஓடாது, பஸ் ஓடிடும்" என்று மைக்கில் சொன்னாள். பஸ்ஸுக்குள் சிரிப்புச் சத்தம் எழுந்தது. பதினொரு வருஷமாக அந்த இடத்தில் சொல்லும் அதே வாசகம். அவள் மனசு எந்த மூலையில் கிடந்தாலும் வாய் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. அதை நினைத்தால் அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

காலை எட்டேகாலுக்கு, ஓட்டல் வாசலில் அவள் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் விஷயத்தைச் சொன்னார். அவளுடைய அண்ணன் போட்டிலேயே இறந்துபோய்விட்டார். ஆறு மணிக்கு டீ கொண்டுபோனவன் பார்த்திருக்கிறான். கம்ப்ரஸர் ரூமில், கவிழ்த்துப் போட்ட வாளிமேல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி. கையைத் தொட்டபோது சில்லிட்டிருந்ததாம். இதைச் சொன்ன அதே மூச்சில் மேனேஜர், "வேற கைடு யாரும் இல்ல. நீங்க வீட்டுக்குப் போனாலும் போட் அது வர்ற நேரத்துக்குத்தான் வரும். பஸ் எப்படியும் சாயங்காலம் ஜெட்டிக்குத்தான் போகுது. யோசிச்சுப் பாருங்க" என்றார்.

யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததுதான் அவளுக்கு ஆறவில்லை.

"இன்னொண்ணு. கெஸ்ட்டுங்களுக்குத் தெரிய வேணாம். இன்னைக்கு அதே போட்லதான் ஏறப் போறாங்க, பாருங்க."

அந்தக் கம்பெனியின் சுற்றுலா அப்படித்தான். முதல் நாள் முழுக்கக் கரை. அருவி, மலை உச்சி, பழைய துறைமுகம், சிப்பிக் கடை. அன்று மாலை படகுத்துறையான ஜெட்டியில் போட்டில் ஏறினால் அடுத்த சனிக்கிழமைதான் இறக்கம். சாப்பாடு, தூக்கம் எல்லாம் போட்டிலேயே. விடிந்தால் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு கடலுக்குள் குதிக்க வேண்டியது, பவளப்பாறையையும் மீனையும் பார்க்க வேண்டியது. ஒரு கூட்டம் இறங்கும், இன்னொரு கூட்டம் ஏறும். கரை அவள் பொறுப்பு. கடலில் அண்ணன் கம்ப்ரஸர்காரர். தண்ணீருக்குள் போகிறவர்கள் முதுகில் கட்டிக்கொள்ளும் சிலிண்டர்களில் காற்று நிரப்புவது அவர் வேலை. அத்தனை பேரின் மூச்சும் அவர் கையில். அவருக்கு நீச்சல் மட்டும் சுமாராகத்தான் வரும்.

நிரம்பிய சிலிண்டர் எது, காலி எது என்று பார்த்தவுடன் தெரிவதற்காக, நிரப்பி முடித்ததும் அதன் வாயில் ஒரு துண்டு டேப் ஒட்டுவார்கள். டேப் இருந்தால் காற்று இருக்கிறது. பிய்த்திருந்தால் தீர்ந்துவிட்டது. எல்லாப் போட்டிலும் இதுதான் பழக்கம். அண்ணன் மட்டும் ஒட்டும்போது டேப்பின் நுனியை ஒரு நகமளவு உள்பக்கமாக மடித்துவிடுவார். ஈரக் கையால் சுரண்டிக்கொண்டு நிற்க வேண்டாமே என்று. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மளிகை டப்பா, கிழிந்த பாடப் புத்தகம், உடைந்த ரிமோட், எதில் டேப் ஒட்டியிருந்தாலும் நுனி மடிந்திருக்கும். அவளுடைய மைக்கின் பேட்டரி மூடி போன வருஷம் உடைந்தபோது அவர்தான் ஒட்டிக் கொடுத்தார். நாள் முழுக்க அந்த மடிப்பு அவள் கட்டை விரலுக்கு அடியில் இருந்தது.

தொப்பிக்காரர் ஏறினார். டிரைவர் கதவை மூடினார். அவருக்கு ஹாரன் என்று பேர். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட ஹாரன் அடித்ததில்லை என்பதால் வந்த பேர்.

"மேனேஜர் என்ன சொல்றான்?" என்று கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டார்.

"ஒரு மணியாம்."

"ஒரு மணின்னா நல்லது. மூணு மணி தாண்டக் கூடாதும்மா."

"ஏண்ணே?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கடல்ல உயிர் போனவங்களைத் துறைமுக டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் கேட்டைத் தாண்ட விடுவாங்க. இல்லாட்டி ஆஸ்பத்திரி ஐஸ் ரூம். இன்னைக்கு சனிக்கிழமை. டாக்டர் மூணு மணிக்குக் கிளம்பிடுவாரு. அதுக்கப்புறம் திங்கட்கிழமைதான்."

அண்ணியிடம் அவள் காலையிலேயே பேசியாயிற்று. அண்ணி அழவில்லை. அடுப்பில் குக்கரை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "சீசன் ஆரம்பிச்சு ஒம்போது சனிக்கிழமை ஆச்சு. ஒரு சனிக்கிழமை வீட்டுல தங்கினாரா? நாலரைக்கு வருவாரு, குளிப்பாரு, சாப்பிடுவாரு, ஆறரைக்கு ஓடிடுவாரு. இன்னைக்கு ஒரு நாளாவது இங்க இருக்கட்டும். கூட்டிட்டு வந்துடு."

"கூட்டிட்டு வரேன் அண்ணி" என்று இவளும் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எவ்வளவு பாரம் என்று தெரிந்தது.

மலை உச்சிக்குப் போகும் வழியில் பன்னிரண்டு வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கதை வைத்திருந்தாள். ஆறாவது வளைவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். முன் சீட்டில் இருந்த டீச்சரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற டீச்சர். அறுபத்திரண்டு வயசில் கடலுக்குள் குதிக்கக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்.

"என்னம்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே?"

"வளைவு டீச்சர். எனக்கும் சில நாள் தலை சுத்தும்."

"பதினோரு வருஷமா இதே ரோடுன்னு சொன்னியே?"

"ரோடு அதேதான். தலைதான் வேற வேற."

அதற்கும் பஸ் சிரித்தது. எதற்கெடுத்தாலும் சிரிக்கத் தயாராக வந்தவர்கள். அவர்கள் மேல் கோபப்படக்கூட வழியில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? லீவு போட்டுவிட்டு ஊர் பார்க்க வந்தார்கள், அவ்வளவுதானே?

மார் வலிக்கிறது என்று அண்ணன் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 'வலிக்கிறது' என்றுகூட இல்லை, 'பிடிச்ச மாதிரி இருக்கு' என்றார். போன சனிக்கிழமை ஜெட்டியில் வைத்து அவள் சண்டை போட்டாள். "ஒரு வாரம் லீவு போட்டுட்டு டாக்டரைப் பாருண்ணே." "சீசன் முடியட்டும்." "சீசன் முடியறதுக்குள்ள நீ முடிஞ்சுடுவ" என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணன் சிரித்தார். "நான் முடிஞ்சா சீசன் நின்னுடுமாக்கும்" என்றார். நல்ல மனிதர்களிடம் இதுதான் பெரிய தொல்லை. அவர்கள் சொல்வதைத் தட்டிப் பேசவும் முடியாது, கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவும் முடியாது.

மலை உச்சியில் காசு போட்டுப் பார்க்கும் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. ஒரு காசுக்கு ஒன்றரை நிமிஷம். அது முடிந்தால் உள்ளே கதவு விழுந்து இருட்டாகிவிடும். பன்னிரண்டு பேரும் அதற்கு வரிசை கட்டினார்கள். தேன்நிலவுக்கு வந்த ஜோடி ஒரே காசில் ஆளுக்கு முக்கால் நிமிஷம் என்று பங்கு போட்டுக்கொண்டு சண்டை பிடித்தது. தொப்பிக்காரர் தன் முறை வந்ததும் கடலைத் துழாவினார்.

"அதோ, இரட்டைப் பாறைகிட்ட வெள்ளையா ஒரு போட் நிக்குதே. நம்ம போட்டா கைடம்மா?"

"இருக்காது சார். நம்மது இந்நேரம் வந்துட்டிருக்கும்."

"ரெண்டடுக்கு. மேல பச்சைத் தகரம் போட்டிருக்கு. கொடிகூட ஏத்தியிருக்காங்களே."

அவள் அவரைத் தள்ளாத குறையாக நகர்த்திவிட்டுக் கண்ணை வைத்தாள். பச்சைத் தகரம் அவளுக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் ஒழுகுகிறது என்று அண்ணன் சொல்லிச் சொல்லி மாற்ற வைத்த தகரம். போட் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அதன் கம்பத்தில் சிவப்பாக, குறுக்கே வெள்ளைக் கோடு போட்ட கொடி. பக்கத்தில் சின்ன ரப்பர் படகு ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் பார்ப்பதற்குள் கதவு விழுந்துவிட்டது. கறுப்பு.

மணி பதினொன்றே முக்கால். அவள் கழிப்பறைக்குப் பின்னால் போய் நின்று மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"சார், போட் இரட்டைப் பாறைகிட்ட நிக்குது. கொடி பறக்குது."

"எந்தக் கொடி?"

"தண்ணிக்குள்ள ஆள் இருக்குன்னு ஏத்துற கொடி. பதினொரு வருஷமா நான்தான் மைக்ல சொல்லிட்டிருக்கேன், எனக்கே கேள்வியா?"

அந்தப் பக்கம் யாரோ ஸ்டேப்ளர் அடிக்கும் சத்தம் கேட்டது.

"காலைல ஒரு டைவ் இறங்கி ஏறிட்டாங்க. இது ரெண்டாவது. கடைசி."

"ரெண்டா? அவரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டா?"

"மீன் வைக்கிற ஐஸ் அறையில மரியாதையாத்தான் வெச்சிருக்காங்க. கேப்டனே சட்டையைக் கழட்டிப் போத்திவிட்டிருக்காரு. நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கேப்டன் ஆறு மணிக்கு என்னைக் கேட்டாரு, திரும்பிடலாமான்னு. சிலிண்டர் என்ன கணக்குன்னு நான் கேட்டேன். இருபத்திநாலும் நிரம்பியிருக்குன்னாரு. ரெண்டு டைவுக்கும் சேர்த்து. விடியக்காலம் நாலு மணிக்கே எழுந்து எல்லாத்தையும் நிரப்பி டேப் ஒட்டி வெச்சுட்டுத்தான் உக்காந்திருக்காரு மனுஷன். காலியா இருந்திருந்தா, கம்ப்ரஸர் ரிப்பேர்னு சொல்லித் திருப்பியிருப்பேன். எல்லாம் நிரம்பி நிக்குது, வரிசையா. எதைச் சொல்லி நிறுத்துறது?"

"ஆள் செத்துட்டாருன்னு சொல்லி நிறுத்துறது."

"அதைத்தானே சொல்லக் கூடாதுங்கறாங்க முதலாளி."

அவள் போனை அணைத்தாள். கழிப்பறைச் சுவரில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இறுக்கித் திருகினாள். நிற்கவில்லை. இன்னும் இறுக்கினாள். கை வலித்ததுதான் மிச்சம்.

வேறு எந்தக் கம்ப்ரஸர்காரனாக இருந்தாலும் காலையில் பன்னிரண்டு நிரப்புவான். மீதியை முதல் டைவ் போய் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காலை நீட்டிப் படுப்பான். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. அவளுடைய அண்ணன் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் எட்டு மணிக்கே கரைக்கு வந்திருப்பார். இந்நேரம் அண்ணியின் வீட்டுக் கூடத்தில் இருந்திருப்பார். நாலு மணிக்கு எழுந்து, பிடிக்கிற நெஞ்சைத் தடவிக்கொண்டு, தன்னைத் தாமதப்படுத்துவதற்கான காற்றைத் தானே நிரப்பி, ஒவ்வொன்றுக்கும் நுனி மடித்து டேப்பும் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். 'யாருக்குண்ணே இவ்வளவு ஒழுங்கு?' என்று உலுக்கிக் கேட்க வேண்டும்போல இருந்தது. உலுக்குவதற்கு ஆள் எங்கே?

பஸ்ஸில் ஏறி மைக்கை எடுத்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் எடுத்தாள். பன்னிரண்டு முகமும் அவளைப் பார்த்தன. தேன்நிலவுப் பெண் வெயிலுக்கான களிம்பை மூக்கில் தடவிக்கொண்டிருந்தாள். சொன்னால் இவர்கள் பயப்படுவார்கள், சிலர் இறங்குவார்கள், ஆபீஸ் கொதிக்கும், பஸ்ஸை ஓட்டலுக்குத் திருப்பச் சொல்வார்கள். துறைமுகத்துக்குப் போக அவளுக்கு இருக்கும் ஒரே வண்டி இந்த பஸ்தான்.

"அடுத்து நாம பார்க்கப் போறது பழைய துறைமுகம்" என்றாள்.

"சாப்பாடு அப்புறமாத்தானே போட்டிருக்கு பட்டியல்ல?" என்றார் தொப்பிக்காரர்.

"முதல்ல துறைமுகம் சார். பசிச்ச வயித்தோட பார்த்தாத்தான் பழைய கட்டடம் மனசுல நிக்கும்."

ஹாரன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தார்.

துறைமுக டாக்டரின் அறை பழைய சுங்கக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. சுற்றுலாப் பட்டியலில் அந்தக் கட்டடமே இல்லை. பச்சைப் பூஞ்சை பிடித்த சுவர், வாசலில் ஒரு நாய், ஒரு உடைந்த தராசு. அவள் பன்னிரண்டு பேரையும் படிக்கட்டுக்குக் கீழே நிறுத்தினாள்.

"இந்தப் படிக்கட்டுல பதினேழு படி. ஒரே ஒரு படி மட்டும் மத்ததைவிட உயரம் ஜாஸ்தி. கள்ளச் சரக்கோட ஓடுறவன் இருட்டுல அதுல தடுக்கி விழணும்னு கட்டினவங்க வெச்ச சூழ்ச்சி. எந்தப் படின்னு கண்டுபிடிச்சு வையுங்க, வந்துடறேன்."

அந்த நிமிஷத்தில் பிறந்த கதை. டீச்சரம்மா உடனே கைப்பையிலிருந்து ஸ்கேல் எடுத்தார். கைப்பையில் ஸ்கேல் வைத்திருக்கும் டீச்சரம்மாவை அவள் வேறு ஒரு நாளில் பார்த்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பாள்.

டாக்டர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நல்ல மனிதர்களாலேயே அன்றைக்கு அவளுக்கு அவ்வளவு கஷ்டமும். முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கூடப் பிறந்தவரு சார். வீட்டுல அவங்க மனைவி காத்திருக்காங்க. இன்னைக்கு ஒரு நாள் வீட்டுல வெச்சுக்கணும்னு."

"வந்தா அஞ்சு நிமிஷ வேலைம்மா. பார்க்காம எப்படிப் போடுறது? மூணு மணியோட என் டியூட்டி முடியுது. மூணரைக்கு எதிர்த் தீவுக்குப் படகு. அங்க ரெண்டு நாள் கிளினிக் நான்தான். பிரசவத்துக்கு ஒரு பொண்ணு காத்துக்கிட்டிருக்கு."

"கொஞ்சம் தாமதமா…"

"மூணேகால் வரைக்கும் ஜெட்டியில பையோட நிக்கிறேன். அதுக்கு மேல படகுக்காரன் நிக்க மாட்டான்."

கீழே இறங்கியபோது ஒன்பதாவது படியில் நின்றுகொண்டு டீச்சரம்மாவும் தொப்பிக்காரரும் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். எல்லாப் படியும் ஒரே அளவு என்றார் தொப்பிக்காரர். ஒன்பதாவது கால் அங்குலம் கூடுதல் என்றார் டீச்சரம்மா. "டீச்சர் சொன்னதுதான் சரி" என்றாள் அவள். அந்த ஒரு ஜெயத்தையாவது அன்றைக்கு யாருக்காவது கொடுக்கலாம் என்று தோன்றியது.

ஒரு மணி, இரண்டு மணி ஆயிற்று. சாப்பாட்டுக் கடையில் மேனேஜர் கூப்பிட்டார். இரண்டாவது டைவ் முடிந்துவிட்டது, கிளம்பப் போகிறார்கள். சிப்பிக் கடையில் அவளே கூப்பிட்டாள். கிளம்பிவிட்டார்கள், ஆனால் நங்கூரக் கயிறு பாறையில் சிக்கிக்கொண்டது. இரண்டே முக்காலுக்கு மறுபடி கூப்பிட்டாள். கயிறு எடுத்தாயிற்று, வந்துகொண்டிருக்கிறார்கள், ஒன்றரை மணி நேரம்.

"ஒன்றரையா?"

"ரெண்டு மணிக்குச் சொல்லியிருந்தா ஒன்றரைன்னா மூணரை. இப்ப சொல்றதால நாலேகால்" என்று மேனேஜர் பொறுமையாகக் கணக்குச் சொன்னார்.

மூன்று பத்துக்கு அவள் ஜெட்டியில் நின்றாள். டாக்டர் சொன்ன சொல் தவறாமல் பையோடு நின்றுகொண்டிருந்தார். இருவரும் கடலைப் பார்த்தார்கள். மூன்றேகால் ஆனது. டாக்டர் மூன்று இருபது வரை நின்றார். படகுக்காரன் இரண்டு தடவை கத்தினான். "மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் ஓடினார். ஒரு தாளில் ஏதோ எழுதிக் கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் காட்டினால் திங்கட்கிழமை முதல் ஆளாகப் பார்ப்பார்களாம். வரிசையில் முந்திக்கொள்ள ஒரு சீட்டு. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

நாலு இருபதுக்கு வெள்ளைப் போட் துறைமுக வாயைத் தாண்டி உள்ளே வந்தது.

ஜெட்டியில் இறக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் ஆட்கள். பிறகு பெட்டிகள். பிறகு ஈர உடுப்புகள். பிறகு காலி சிலிண்டர்கள், ஏனென்றால் போட் கிளம்புவதற்குள் ஜெட்டிக் கம்ப்ரஸரில் அவற்றை நிரப்பி ஏற்ற வேண்டும். நிரப்புவதற்குப் புதிய ஆள் ஒருவர் டிபன் பையோடு ஏற்கெனவே வந்து நின்றிருந்தார். அவளிடம் வந்து, "எனக்கு இதுல…" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து, முடிக்காமல் போனார்.

இறங்கியவர்கள் எல்லாரும் வெயிலில் சிவந்து, உப்புப் பூத்து, சந்தோஷமாக இருந்தார்கள். அவர்களில் ஒருவர், தாடிக்காரர், அவளிடம் வந்தார்.

"உங்க கம்பெனிதானே? கம்ப்ரஸர்காரர் எங்கம்மா? காலைலேர்ந்து ஆளையே காணோம். சொல்லிட்டுப் போலாம்னு பார்த்தேன்."

"வீட்டுக்குப் போறாரு சார்" என்றாள்.

"நான் முப்பது போட்ல போயிருக்கேன். டேப்போட நுனியை மடிச்சு ஒட்டுற ஆளை இங்கதான் பார்த்தேன். கடைசி டைவ்ல ஒரு பெரிய திருக்கை வந்துச்சு பாருங்க, தலைக்கு மேல அப்படியே நின்னுச்சு. அவர்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்."

போட்டின் கைப்பிடிக் கம்பியில், பிய்த்த டேப்புகளை வரிசையாக ஒட்டிவைத்திருந்தார்கள். கடலில் குப்பை போடக் கூடாது என்று அண்ணன் சொல்லி வைத்த பழக்கம். அவள் எண்ணவில்லை. இருபத்திநாலு என்று எண்ணாமலே தெரிந்தது. ஒவ்வொன்றின் நுனியும் காற்றில் சின்னதாக நிமிர்ந்து நின்றது.

சிலிண்டர் வண்டியும் பெட்டி வண்டியும் எதிரெதிரே வந்து ஜெட்டியை அடைத்துக்கொண்டன. இரண்டு தள்ளுவண்டிக்காரர்களும் நீ பின்னால் போ, நீ பின்னால் போ என்று நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் நான்கு பேர் நீலத் தார்ப்பாயில் சுற்றிய ஒன்றைத் தூக்கிக்கொண்டு, இறக்கிவைக்கவும் முடியாமல், தோள் மாற்றவும் முடியாமல் நின்றார்கள். அப்போதுதான் அந்தச் சத்தம் எழுந்தது. நீளமாக, விடாமல், துறைமுகக் காக்கைகள் எல்லாம் கிளம்பும்படி. இருபது வருஷம் அடிக்காத ஹாரன். தள்ளுவண்டிகள் இரண்டும் விலகின. பஸ்ஸுக்குள் இருந்த பன்னிரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார்கள். டீச்சரம்மா மட்டும் கையை இறக்கிவிட்டு, தார்ப்பாயையும் அதன் பின்னால் நடந்துபோகும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்து நின்றார்.

ஜெட்டி ஓரத்துக் கயிற்றுக் கிடங்கில் ஒரு மரப் பலகைமேல் வைத்தார்கள். ஆஸ்பத்திரி வண்டி வாசலிலேயே நின்றது. வண்டிக்காரர் கையில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு, "திங்கட்கிழமை பத்து மணிக்கு வாங்க. மாத்துத் துணி எடுத்துட்டு வாங்க" என்றார். ஆட்டோவில் வந்து இறங்கிய அண்ணி அதைக் கேட்டபடியே உள்ளே வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். சனிக்கிழமை நாலரைக்குக் கட்டும் புடவை.

"திங்கட்கிழமையா?" என்று இவளைப் பார்த்தாள்.

அவள் பையிலிருந்து டாக்டரின் சீட்டை எடுத்து நீட்டினாள்.

அண்ணி தலையை ஆட்டிக்கொண்டாள். "மூஞ்சியைப் பார்த்துட்டு அனுப்பறேன்" என்றாள் வண்டிக்காரரிடம்.

"ரெண்டு நிமிஷம்மா. வழியில டிராபிக் இருக்கு."

தார்ப்பாயைக் குறுக்கே ஏழெட்டுச் சுற்று டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். சிலிண்டருக்கு ஒட்டும் அதே வெள்ளை டேப். ஐஸ் ஈரத்தில் அது தார்ப்பாயோடு தோலாகப் படிந்திருந்தது. அவள் குனிந்து கழுத்துப் பக்கம் விரலை ஓட்டினாள். நகத்தால் சுரண்டினாள். பிடி கிடைக்கவில்லை.

"கத்தி தரட்டுமா?" என்றார் வண்டிக்காரர்.

"கத்தி எதுக்கு?" என்றாள் அண்ணி. "நுனி மடிச்சிருக்கும். நல்லாப் பாரு."

அவள் நிமிர்ந்து அண்ணியைப் பார்க்கவில்லை. ஒரு சுற்று முழுக்க விரலால் தடவி முடித்திருந்தாள். வெளியே கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது.

"பார்க்கறேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து மறுபடி தடவத் தொடங்கினாள்.